முதல் புல்-அப்பை எட்ட எந்த வழி? மலையகப் பெண்களுக்கான ஓர் ஒப்பீடு

தலைக்கு மேலிருக்கும் கம்பியைப் பற்றித் தொங்கி, எவருடைய துணையுமின்றி, மோவாய் கம்பியைத் தாண்டும் வரை உடலை மேலே இழுப்பதுதான் புல்-அப். அதைச் செய்தே தீர வேண்டும் என்று ஒரு பெண் முடிவெடுத்துவிட்டால், எந்த வழியில் தொடங்குவது என்ற கேள்வி உடனே எழுகிறது. நகரத்து ஜிம்மில் உள்ள மெஷினில் பழகலாம். ரப்பர் பேண்ட் வாங்கிக் கம்பியில் மாட்டிக்கொள்ளலாம். இடுப்புயரக் கம்பியின் கீழே சாய்ந்து கிடந்து இழுக்கலாம். முக்காலியில் காலை ஊன்றிக்கொண்டு இழுக்கலாம். அல்லது ஏறி நின்று கம்பிக்கு மேலே மோவாயை வைத்து, அங்கிருந்து மெல்ல இறங்கிப் பழகலாம். இவை ஒவ்வொன்றையும் ஆகச் சிறந்தது என்று சொல்லும் காணொளிகள் ஏராளம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பகல் முழுதும் அமர்ந்து வேலை செய்துவிட்டு, மாலையில் நடக்கும் தூரத்தில் உள்ள ஜிம்முக்குப் போகக்கூடியவருக்காகச் செய்யப்பட்டவை. இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ ஹப்புத்தளையிலோ தேயிலைத் தோட்டத்தில் வாழும் பெண்ணுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பகுதியில் வாழும் பெரும்பாலான பெண்களுக்கு உறுதியான ஒரு கம்பியும் ஒரு முக்காலியும் போதும். கால் துணையோடு இழுப்பதும் மெல்ல இறங்குவதும் முதன்மைப் பயிற்சியாக இருக்க வேண்டும். மெஷினும் பேண்டும் கிடைத்தால் பயன்படுத்தலாம், கிடைக்கவில்லை என்பதற்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஆனால் எந்த வழியைத் தேர்ந்தாலும், அதன் அளவை ஒரு பெண்ணின் வேலைநாள் அவருடைய கைகளில் எவ்வளவு பலத்தை மிச்சம் வைக்கிறது என்பதைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். பயிற்சித் திட்டங்களில் அதிகம் பேசப்படாத இந்த விடயத்தை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன்.

இந்தப் பயிற்சி ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். தண்டால் எடுக்கும்போது உடல் எடையின் ஒரு பகுதியைக் கால்கள் தாங்குகின்றன. புல்-அப்பில் முழு எடையும் கைகளுக்கு வந்துவிடுகிறது. 50 கிலோ எடையுள்ளவர் 50 கிலோவையும் இழுத்தாக வேண்டும். அந்தப் பாரத்தைத் தூக்குவதில் பெரும் பங்கு முதுகின் இருபுறமும் விரிந்திருக்கும் லாட்டிசிமஸ் டோர்சி தசைக்கு உரியது. மேற்கையின் முன்புறத் தசைகளும், தோள்பட்டை எலும்புகளைக் கீழ்நோக்கியும் உள்நோக்கியும் இழுக்கும் தசைகளும், கம்பியை விடாமல் பிடிக்கும் முன்கைத் தசைகளும், உடல் ஆடாமல் வைத்திருக்கும் வயிற்றுத் தசைகளும் அதனுடன் சேர்ந்து உழைக்கின்றன. இவற்றில் எது வலுவற்றதோ அந்த இடத்தில் உடல் நின்றுவிடும். சிலருக்குத் தொங்கும் நிலையிலிருந்து ஓர் அங்குலம்கூட எழும்ப முடியாது. சிலர் பாதி வழி வந்து நிற்பார்கள். சிலருக்குக் கம்பி நெற்றிக்கு நேரே இருக்கும்போது கடைசிச் சில அங்குலங்கள் மட்டும் கைகூடாது. பயிற்சி வழிகளை ஒப்பிடும்போது, தன் உடல் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை அறிந்திருப்பது அவசியம். ஏனெனில் ஒவ்வொரு வழியும் ஒவ்வோர் இடத்தில்தான் உதவுகிறது.

பெண்களுக்கு இது ஆண்களைவிடக் கடினம் என்பதில் மறைக்க ஒன்றுமில்லை. சராசரியாகப் பார்த்தால் பெண்களின் கால் வலிமை ஆண்களுடையதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு இருக்கிறது. மேலுடல் வலிமையோ பாதியை அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட அளவையே எட்டுகிறது. தசை உடலில் பகிர்ந்திருக்கும் விதமே இதற்குக் காரணம். ஆனால் முறையாகப் பயிற்சி செய்யும்போது, தொடங்கிய நிலையோடு ஒப்பிட்டுச் சதவீதக் கணக்கில் பெண்கள் அடையும் முன்னேற்றம் ஆண்களுடையதற்குக் குறைந்ததன்று. தொடங்கும் இடம் தாழ்வாக இருப்பதால் போக வேண்டிய தூரம் அதிகம். ஆகவே காலமும் அதிகம் தேவைப்படுகிறது.

அமெரிக்காவிலிருந்து வந்த இரண்டு செய்திகளை இங்கே எடுத்துப் பார்ப்பது பயன்தரும். ஒஹாயோ மாநிலத்திலுள்ள டேட்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு புல்-அப்கூடச் செய்ய முடியாத 17 பெண்களுக்கு வாரத்தில் மூன்று நாட்கள் வீதம் மூன்று மாதங்கள் பயிற்சி அளித்தார்கள். அவர்களுடைய மேலுடல் வலிமை 36 சதவீதம் உயர்ந்தது; ஆனாலும் முடிவில் புல்-அப் செய்ய முடிந்தவர்கள் நால்வர்தான். அமெரிக்க மரைன் படையில், 2014ஆம் ஆண்டு முதல் பெண்களும் குறைந்தது மூன்று புல்-அப் செய்ய வேண்டும் என்று வகுக்கப்பட்ட விதி, 2013இன் இறுதியில் பயிற்சி முடித்த பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்த அளவை எட்டாததால் ஒத்திவைக்கப்பட்டது. இவற்றைக் காட்டிப் பெண்களால் இயலாது என்று சொல்பவர்கள் உண்டு. நான் இவற்றை வேறுவிதமாகப் படிக்கிறேன். டேட்டனில் அந்தப் பெண்கள் பெரும்பாலும் பாரம் தூக்கியும் சாய்ந்த நிலையில் உடலை இழுத்தும் பழகினார்கள். தங்கள் முழு எடையையும் கைகளில் தாங்கிய நேரம் குறைவு. வலிமை எந்த அசைவில் பழக்கப்படுகிறதோ அந்த அசைவிலேயே மிகுதியாக வெளிப்படும் என்பது உடற்பயிற்சித் துறையில் நன்கு நிறுவப்பட்ட உண்மை. அத்துடன், தொடக்கநிலையிலுள்ள பலருக்கு மூன்று மாதங்கள் போதாது. மூன்று மாதங்களிலிருந்து ஓராண்டு வரை ஆகலாம் என்று எண்ணித் தொடங்குவதே நியாயமானது.

இனி வழிகளுக்கு வருவோம்.

ஜிம்மில் உள்ள உதவி மெஷினில் முழங்காலை ஒரு பலகையில் ஊன்றிக்கொள்ள வேண்டும். மறுபக்கம் வைக்கும் எடை அந்தப் பலகையை மேலே தள்ளும். 52 கிலோ எடையுள்ள பெண் 20 கிலோ துணையை வைத்தால் ஏறத்தாழ 32 கிலோவைத்தான் இழுக்கிறார். துணையின் அளவு அடியிலிருந்து உச்சி வரை ஏறத்தாழ ஒரே சீராக இருப்பதும், அந்த எண்ணைக் குறித்துவைத்து மெல்லக் குறைத்துக்கொண்டே வர முடிவதும் இதன் பெரிய நன்மைகள். எவ்வளவு முன்னேறியிருக்கிறோம் என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் வழி வேறில்லை. உடல் எடை கூடுதலாக இருப்பவர்களுக்கும், தோளில் முன்பே வலி உள்ளவர்களுக்கும் இதுவே பாதுகாப்பான தொடக்கம். குறை என்னவென்றால், பலகை உடலை ஆடாமல் பிடித்துக்கொள்வதால் வயிற்றுத் தசைகளும் தோள்பட்டையை நிலைநிறுத்தும் தசைகளும் தங்கள் பங்கைக் கற்றுக்கொள்வதில்லை. துணையை ஐந்து கிலோ வரை குறைத்துவிட்ட ஒருவர் வெறுங்கம்பியில் தொங்கும்போது திணறுவதற்கு இது ஒரு காரணம். அமர்ந்தபடி கம்பியை மார்புக்கு இழுக்கும் புல்டவுன் மெஷினிலும் இதே குறை உண்டு; அங்கே உடல் நிலையாக இருக்கிறது, கம்பிதான் அசைகிறது.

இந்த வழியின் உண்மையான தடை ஜிம்முக்குப் போய்வருவதில் இருக்கிறது. ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை நகரங்களுக்குள் வாழ்பவருக்கு ஜிம் ஒரு நல்ல தெரிவுதான். தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வர ஒரு பஸ், திரும்பிப்போக ஒரு பஸ், இறங்கிய பின் இருட்டில் மலையேறி நடக்க வேண்டிய தூரம் என்று கணக்கிட்டால், முக்கால் மணி நேரப் பயிற்சிக்கு மூன்று மணி நேரம் போய்விடுகிறது. பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்காத இடமாக இருந்தால் வீட்டாரின் சம்மதமும் தனிக் கேள்வியாகிவிடும். வாரத்தில் ஒரு நாள் மெஷினுக்குப் போய்வருவதைவிட, மூன்று நாள் வீட்டருகே கம்பியில் தொங்குவது அதிகப் பயன் தரும் என்று உறுதியாகச் சொல்வேன்.

ரப்பர் பேண்ட் இன்று மிகப் பரவலாகப் பரிந்துரைக்கப்படுகிறது. கம்பியில் ஒரு முனையை மாட்டி மறுமுனைக்குள் காலையோ முழங்காலையோ வைத்துக்கொண்டால், அது உடலை மேலே தள்ளிவிடும். விலை குறைவு, பையில் வைத்து எடுத்துச் செல்லலாம், முழு அசைவையும் அடியிலிருந்து உச்சி வரை பழகலாம். ஆனால் ரப்பர் எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு வலுவாக இழுக்கும் என்பதால், அடியில் தொங்கும்போது துணை மிக அதிகமாகவும் உச்சியை நெருங்கும்போது மிகக் குறைவாகவும் இருக்கும். தொங்கும் நிலையிலிருந்து எழும்ப முடியாதவருக்கு, தேவையான அந்த இடத்திலேயே பேண்ட் வேலையைத் தன்மேல் எடுத்துக்கொள்கிறது. ஆகவே அந்தப் பலவீனம் பல மாதங்கள் போனாலும் அப்படியே கிடக்கும். உச்சியில் நிற்பவருக்கோ பேண்ட் பெரிதாக உதவுவதே இல்லை. பாதி வழியில் நிற்பவருக்கு ஓரளவு பொருந்துகிறது. ஏற்கெனவே ஒன்றைச் செய்யத் தெரிந்து, ஐந்து ஆறு என்று எண்ணிக்கையைக் கூட்ட விரும்புபவருக்குத்தான் பேண்ட் உண்மையில் நன்றாகப் பயன்படும் என்பது என் கருத்து.

பேண்டுக்குப் பதிலாக மோட்டார் சைக்கிளின் பழைய டியூப்பைக் கட்டிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். செலவில்லாத வழி என்பதால் அதை மறுக்க மனம் வரவில்லை. ஆயினும் அதன் இழுவிசை எவ்வளவு என்று அளக்க முடியாது, ஒட்டுப்போட்ட இடத்தில் கிழியவும் கூடும். நீட்டப்பட்ட ரப்பர் அறுந்தாலும் காலிலிருந்து நழுவினாலும் முகத்தைத்தான் அடிக்கும். வெயிலில் வெடித்த ரப்பரை எந்த நிலையிலும் பயன்படுத்தக் கூடாது.

தாழ்ந்த கம்பியின் கீழே சாய்ந்து கிடந்து, குதிகால் தரையில் ஊன்றியிருக்க, மார்பைக் கம்பிக்கு இழுப்பது அடுத்த வழி. முழங்காலை மடித்து உடலை நிமிர்த்தினால் பாரம் குறையும், காலை நீட்டிக் கிடைமட்டமாகக் கிடந்தால் பாரம் கூடும். தோள்பட்டைகளை ஒன்றையொன்று நோக்கி இழுக்கும் பழக்கம் இதில் நன்றாகப் படிகிறது. ஒரு வினாடிகூடக் கம்பியில் தொங்க முடியாதவருக்கும் பிள்ளைப்பேற்றுக்குப் பின் உடலை மீட்டெடுப்பவருக்கும் இது ஏற்ற தொடக்கம். ஆனால் இழுக்கும் திசை வேறு. டேட்டன் பெண்களுக்கு நேர்ந்தது இதை மட்டும் நம்பியிருப்பவருக்கும் நேரலாம். துணைப் பயிற்சியாக வைத்துக்கொள்வது சரி.

முக்காலியில் கால் ஊன்றி இழுப்பதை எவரும் பெரிதாகப் பேசுவதில்லை. எனக்கோ இந்த வழியின்மேல் மிகுந்த மதிப்பு உண்டு. கம்பிக்குக் கீழே சற்று முன்னால் ஒரு முக்காலியை வைத்து, அதில் முன்பாதத்தை மட்டும் ஊன்றி, கைகளால் இழுத்து, தேவைப்படும் இடத்தில் மட்டும் காலால் உந்த வேண்டும். தன் உடல் எங்கே நிற்கிறதோ அங்கே மட்டும் துணை எடுத்துக்கொள்ள முடிவது இதில் மட்டுமே. மெஷின் எல்லா இடத்திலும் ஒரே அளவு கொடுக்கிறது, பேண்ட் அடியில் கொட்டிக் கொடுக்கிறது. கால் துணையை ஒருவர் தன் மனத்தாலேயே கூட்டவும் குறைக்கவும் முடியும். களைத்த நாளில் அதிகமாகவும் தெம்பான நாளில் குறைவாகவும் ஊன்றலாம். மனம் அறியாமலே கால் அதிகமாக உந்திவிடுவது இதன் ஆபத்து. இரண்டு காலுக்குப் பதில் ஒரு காலை ஊன்றுவது, பின்னர் முன்பாதத்துக்குப் பதில் விரல்நுனியை மட்டும் வைப்பது என்று படிப்படியாக மாற்றினால் அந்தக் குறையைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம்.

கடைசியாக, ஜிம்களில் நெகட்டிவ் என்று சொல்லப்படும் மெல்ல இறங்கும் பயிற்சி. முக்காலியில் ஏறி, மோவாய் கம்பிக்கு மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு, கால்களை மடித்து முக்காலியை விட்டு எடுத்து, கைகள் முழுதாக நீளும் வரை உடலைக் கட்டுப்பாட்டோடு இறக்க வேண்டும். ஒரு தசை சுருங்கும்போது தூக்கக்கூடிய பாரத்தைவிட, நீளும்போது தாங்கக்கூடிய பாரம் அதிகம். ஒரு முறைகூட மேலே இழுக்க முடியாத பெண் தன் முழு எடையையும் கைகளில் தாங்கி, அதே அசைவில், அதே திசையில் பழக முடிவது இதனால்தான். முதல் புல்-அப்பை எட்டுவதற்கு இதைவிட நேரான வழியை நான் அறியேன். தொடக்கத்தில் மூன்று வினாடிக்குள் சரிந்துவிடுவார்கள்; அது இயல்பு. ஐந்து வினாடி இறங்க முடிந்தால், இடையில் இரண்டு நிமிடம் ஓய்வு விட்டு நான்கைந்து முறை செய்தால் ஒரு நாளுக்குப் போதும். பத்து வினாடி வரை சீராக இறங்கி, இடையில் எங்கும் பொத்தென்று விழாமல் நான்கைந்து முறை செய்ய முடிகிறவருக்கு முதல் புல்-அப் பெரும்பாலும் தொலைவில் இருப்பதில்லை.

இந்த வழியின் விலையும் அதிகம். தசை நீளும்போது பாரம் தாங்குவது தசை நார்களை மற்ற எல்லா முறைகளையும்விட அதிகமாகப் புண்படுத்தும். வலி மறுநாள் தொடங்கி இரண்டு மூன்று நாட்களில் உச்சத்தை அடையும். ஆர்வத்தில் முதல் நாளே முப்பது நாற்பது முறை இறங்கிப் பார்ப்பவருக்குக் கையை மடக்கவும் நீட்டவும் முடியாமல் போகலாம். அரிதாகத் தசை சிதைந்து, அதிலிருந்து வெளியாகும் பொருட்கள் சிறுநீரகத்தைப் பாதிக்கவும் கூடும். கடுமையான பயிற்சிக்கு அடுத்த நாட்களில் கைகள் வீங்கி, சிறுநீர் சாயத்தண்ணி (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போனால், காலையாகட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முழங்கையின் உட்பக்கத்தில் இருக்கும் தசைநாணும் இதில் எளிதாக நோகும். அங்கே வலி தொடங்கினால் இறங்கும் பயிற்சியை நிறுத்திவிட்டுக் கால் துணைக்குத் திரும்புவது நல்லது.

வேலைநாளைப் பற்றி முதலில் சொன்னது இங்கேதான் முக்கியமாகிறது. மலைக்குப் போகும் பெண், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டிலிருந்து மாலையில் கொழுந்தை எடைபோடும் நிறை வரை இரண்டு கைகளாலும் கொழுந்து பறிக்கிறார். பல தோட்டங்களில் நாளொன்றுக்குப் பதினெட்டு இருபது கிலோ வரை எதிர்பார்க்கிறார்கள். சேர்ந்த கொழுந்தின் பாரத்தைச் சரிவில் ஏறியும் இறங்கியும் தலையிலோ முதுகிலோ சுமக்கிறார். இவ்வளவு உழைப்பவருக்குக் கை வலிமை தானாகவே வந்திருக்க வேண்டுமே என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த வேலை விரல்களையும் முன்கையையும் கழுத்தையும் கால்களையும் பழக்குகிறது. நீண்ட நேரம் தளராத தன்மையைத் தருகிறது. ஆனால் தேயிலைச் செடி இடுப்புக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருப்பதால், தலைக்கு மேலிருந்து பாரத்தைக் கீழே இழுக்கும் அசைவு நாள் முழுதும் ஒரு முறைகூட வருவதில்லை. முதுகின் அகன்ற தசைக்கு அங்கே பெரிய வேலை இல்லை. ஆகவே கொழுந்து பறிக்கும் பெண்ணும் புல்-அப்பில் தொடக்கத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. அதுவும் களைத்த முன்கைகளோடு.

அவருக்கு நான் சொல்லும் ஒழுங்கு இது. இறங்கும் பயிற்சியை ஓய்வு நாளில் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அதுவும் நான்கைந்து முறைக்கு மேல் வேண்டாம். வாரத்தின் நடுவில் ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள், கால் துணையோடு ஐந்து முறை வீதம் மூன்று சுற்று போதும். வேலைக்குப் போகுமுன் காலையில் செய்ய முடிந்தால் மாலையைவிட நல்லது. ஆனால் விடியற்காலையில் அடுப்புமூட்டிச் சமைத்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு ஓடும் பெண்ணிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வராது. மாலையில்தான் முடியும் என்றால் மாலையில் குறைவாகச் செய்யட்டும். கொழுந்து குவியும் மாதங்களில் பயிற்சியைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் அதுவரை பெற்ற வலிமை பெரிதாகக் கரைந்துவிடாது. கட்டியெழுப்பத் தேவைப்படும் பயிற்சியைவிடத் தக்கவைக்கத் தேவைப்படும் பயிற்சி மிகக் குறைவு.

ஆசிரியராகவோ அலுவலகத்திலோ கடையிலோ வேலை செய்பவருக்குக் கதை வேறு. அவருடைய கைகளில் பலம் மிச்சமிருக்கிறது, பிடிதான் பழகியிருக்காது. அவர் முதல் மாதத்தில் வெறுமனே தொங்கிப் பழகுவதற்கு இடம் கொடுக்க வேண்டும். தோள்கள் காதுவரை ஏறிக் கிடக்காமல், தோள்பட்டைகளைச் சற்றுக் கீழே இழுத்து வைத்தபடி இருபது முப்பது வினாடி தொங்க முடிந்த பின், வாரத்தில் மூன்று நாள் இறங்கும் பயிற்சிக்குப் போகலாம். தையல் ஆலையில் நாள் முழுதும் குனிந்து வேலை செய்பவர் இரண்டுக்கும் இடையில் நிற்கிறார். கழுத்தும் தோளும் இறுகியிருப்பதால் சாய்ந்து இழுக்கும் பயிற்சியிலிருந்து தொடங்குவது அவருக்கு இதமாக இருக்கும்.

கம்பியை எங்கே வைப்பது என்பது எந்தப் பயிற்சி என்ற கேள்விக்குச் சற்றும் குறையாதது. தோட்டத்து வரிசை வீடான லயக் காம்பராவின் கூரை மரத்தில் தொங்கவே கூடாது. அந்த லயங்களில் பல வெள்ளைக்காரர் காலத்தில் கட்டப்பட்டவை. மரம் வெளியே உறுதியாகத் தெரிந்தாலும் ஈரத்தாலும் கறையானாலும் உள்ளே உளுத்திருக்கலாம். வாசல் நிலையில் திருகி இறுக்கும் டோர் பாரும் அங்கே நம்பத்தகாதது. அந்தக் கம்பி முழுக்கச் சுவரின் உறுதியையே நம்பி நிற்கிறது, பழைய சுவர்களில் பூச்சு பெயர்ந்து கம்பி நழுவிவிடும். தேயிலைக்கு நிழலாக நிற்கும் சவுக்கு மரத்தின் கிளை பார்வைக்குப் பருமனாக இருந்தாலும் திடீரென முறியும் இயல்புடையது. நன்கு முதிர்ந்த கொய்யாக் கிளை அதைவிட நம்பகமானது, ஆனால் மழைக்காலத்தில் வழுக்கும்.

ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்தவர்கள் முற்றத்தில் இரண்டு தூண்களை நட்டுக் குறுக்கே ஒரு ஜி.ஐ. பைப்பை (நாகம் பூசிய இரும்புக் குழாயை) வெல்டிங் செய்துகொள்வதே நீடித்து நிற்கும் தீர்வு. தூணை இரண்டு அடியாவது ஆழமாக நட்டுக் கொங்கிறீட் இட வேண்டும். குறுக்குக் கம்பிக்கு ஹார்ட்வெயார் கடையில் ஒரு அங்குல பைப் என்று கேட்டால் போதும்; அதன் வெளிவிட்டம் ஏறத்தாழ 33 மில்லிமீற்றர், பெண்களின் கை முழுதாகச் சுற்றிப் பிடிக்கக்கூடிய அளவு. உறுதிக்காக ஒன்றரை அங்குல பைப்பை வாங்கினால் அதன் வெளிவிட்டம் 48 மில்லிமீற்றர் ஆகிவிடும். விரல்கள் சுற்றி வராமல், முதுகு களைப்பதற்கு முன்பே பிடி நழுவும். 150 சென்றிமீற்றர் உயரமுள்ளவருக்கு 2 மீற்றருக்குச் சற்று மேலே கம்பி இருந்தால் போதுமானது. கால்களை மடித்துத் தொங்கலாம், விழுந்தாலும் உயரம் இல்லை. இடமில்லாத லய வரிசைகளில் நான்கைந்து வீட்டுப் பெண்கள் சேர்ந்து ஒரே கம்பியை அமைத்துக்கொள்ளலாம். திறந்த விளையாட்டு மைதானத்தில் பலர் பார்க்கத் தொங்குவதற்குக் கூச்சப்படும் பெண்களுக்கு இந்தக் கூட்டு பெரிய துணை. அந்தக் கூச்சத்தை அற்பமானது என்று ஒதுக்கிவிட நான் விரும்பவில்லை, அதனால் தொடங்காமலே நின்றுவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

பனி இறங்கும் காலைகளில் இரும்புக் கம்பி ஈரமாகவும் குளிராகவும் இருக்கும். காய்ந்த துணியால் துடைத்த பின், கைகளைச் சுழற்றி உடலை நன்றாகச் சூடாக்கிக்கொண்டே தொங்க வேண்டும்.

உணவைப் பற்றிச் சுருக்கமாகவேனும் சொல்லியாக வேண்டும். எடை குறைந்தால் இழுப்பது எளிதாகும் என்பதற்காகச் சாப்பாட்டைக் குறைப்பது பெரும் தவறு. தசை வளரப் புரதம் வேண்டும். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் கிடைத்தால் நல்லது. 50 கிலோ எடைக்கு அது 60 முதல் 80 கிராம். ரொட்டியும் சம்பலும் மட்டும் உண்டு அதை எட்ட முடியாது. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. பருப்பு, கடலை, நெத்தலிக் கருவாடு, சோயா மீட் ஆகியவை நம் கடைகளிலேயே கிடைப்பவை. தோட்டத்துப் பெண்களிடையே இரத்தச் சோகை நெடுங்காலமாகவே இருந்துவரும் பிரச்சினை. இரும்புச்சத்துக் குறைந்திருப்பவர் எந்த வழியில் பழகினாலும் சீக்கிரம் களைத்துவிடுவார். காரணமில்லாத களைப்பும் மூச்சிரைப்பும் இருந்தால் பயிற்சி தொடங்குமுன் இரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டோடு சேர்த்துத் தேநீர் குடிப்பது உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கும் என்பதால், தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது செலவில்லாத நல்ல மாற்றம். கருவுற்றிருப்பவரும் அண்மையில் பிள்ளை பெற்றவரும் குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ கேட்காமல் தொங்கும் பயிற்சிகளில் இறங்கக் கூடாது. வயிற்றுத் தசைகள் நடுவில் விலகியிருந்தால் தொங்குவது அவற்றை மேலும் இழுக்கும்.

கைகள் ஆண்களுடையதைப் போலப் பருத்துவிடும் என்ற அச்சத்துக்கு இடமில்லை. முதல் வாரங்களில் வரும் வலிமையில் பெரும்பகுதி, இருக்கும் தசையையே நரம்புகள் முழுமையாக இயக்கக் கற்றுக்கொள்வதால் வருவது.

எந்தப் பிடியில் தொடங்குவது என்ற கேள்வி மீதமிருக்கிறது. உள்ளங்கை தன் முகத்தை நோக்கியிருக்கும்படி பிடிப்பது சின்-அப். மேற்கைத் தசைகளின் துணை அதில் அதிகம் கிடைப்பதால் பெரும்பாலானோருக்கு அதுவே முதலில் கைகூடும். உள்ளங்கை வெளிநோக்கியிருக்கும் புல்-அப் அதன்பின் சில வாரங்களிலோ மாதங்களிலோ வரும். ஆகவே இறங்கும் பயிற்சியைச் சின்-அப் பிடியில் தொடங்கி, ஐந்து வினாடி தாண்டிய பின் ஒரு பயிற்சி நாளில் ஒரு பிடி, அடுத்த பயிற்சி நாளில் மற்றப் பிடி என்று மாற்றிப் பழகுவது நல்லது. முடிகிறதா என்று ஒவ்வொரு நாளும் சோதித்துப் பார்ப்பது களைப்பையும் சலிப்பையும் மட்டுமே தரும். நான்கு வாரத்துக்கு ஒரு முறை, முந்திய இரண்டு நாட்களும் கைகளுக்கு ஓய்வு கொடுத்த பின், உடலைச் சூடாக்கி முதல் முயற்சியாகச் சோதிக்க வேண்டும். ஞாயிறோடு போயா எனும் பௌர்ணமி விடுமுறை சேர்ந்து வரும் வாரம் மலைக்குப் போகும் பெண்ணுக்கு அதற்கு ஏற்றது.